அடுக்களைப் புகைபோக்கியை நாமே துப்புரவு செய்வோம்

“நெருப்பில்லாமல் புகையாது” என்பது பழமொழி. ஊர்வாயில் உலவும் வதந்திகளைப் பற்றிப் பேசும்போதே இதனை நாம் பெரும்பாலும் எடுத்தாளுகின்றோம். அடுக்களையில் வைத்துப் பார்த்தாலோ, இதனுடன் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. நெருப்பு நன்றாக எரியும்போது புகை குறைவு. நெருப்புக்குக் காற்றுப் போதாமல் திணறும்போதுதான் புகை மிகுதி. வீடு நிறையப் புகை சூழ்ந்திருக்கின்றது என்றால், அடுப்பு நமக்கு ஏதோ ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கின்றது என்று பொருள்.

தோட்டப்புறங்களில் இன்று எரிவாயு அடுப்பில்லாத வீடு அரிது. ஆயினும் வீட்டின் பின்புறத்தில், சிமெந்து மேடைமேல் விறகடுப்பும், அதற்கு மேலே கூரையைத் துளைத்துச் செல்லும் தகரக் குழாயும் உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. குளிக்க வெந்நீர் போடவும், பெருநாள் பலகாரங்கள் சுடவும், திருமணத்திற்கும் கருமாதிக்கும் பெரிய அண்டாவில் சமைக்கவும் அந்த அடுப்பே கைகொடுக்கின்றது. அன்றாடம் எரிவது அன்று என்பதாலேயே அதன் குழாயை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அடுப்பை மெழுகுகின்றோம், பானையின் அடிக்கரியைத் தேய்க்கின்றோம், சாம்பலை அள்ளுகின்றோம். கண்ணுக்கு மறைவாக இருக்கும் குழாயின் உட்புறமோ ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில், நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்திற்கு அலுவல் நிமித்தம் சென்றிருந்தேன். பிற்பகலில் நல்ல மழை. ஒரு வீட்டில் மருமகள் காலை முதல் விறகடுப்பில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். சாரல் அடிக்கின்றதென்று கதவையும் பலகணியையும் சாத்தியிருந்தனர். மாலை நாலு மணியளவில் அவருக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தன. உடனிருந்த மாமியாருக்கும் அவ்வாறே. பாயில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தி வாந்தி எடுத்தாள். எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றே வீட்டார் முதலில் எண்ணினர். ஓடிவந்த தோட்டத்து மருத்துவ உதவியாளர் அப்படி எண்ணவில்லை. “மூவருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றது, ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. முதலில் எல்லாரும் வெளியே வாருங்கள்” என்று கூறி, மழையையும் பாராமல் மூவரையும் ஐந்தடி வாசலுக்கு அழைத்துச் சென்று உட்கார வைத்தார். பின்னர் பிராண வாயு கொடுப்பதற்காக அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். மூவரும் நலமாகத் திரும்பினர்.

மறுநாள் அவ்வீட்டுக்காரர் குழாயைக் கழற்றிப் பார்த்தார். மேல்முனையில் மைனா கட்டிய கூடு. அதற்குக் கீழே, கூட்டின் வைக்கோலில் படிந்து படிந்து இறுகிய கரி. கையின் பெருவிரல் நுழையும் அளவுக்கே வழி எஞ்சியிருந்தது. அந்தக் குழாய் பொருத்தப்பட்ட நாள்முதல் ஒருமுறைகூடத் துப்புரவு செய்யப்பட்டதில்லை என்று அவரே சொன்னார். குற்ற உணர்வோடு அவர் சொன்னது உண்மையே. எனினும், துப்புரவு செய்ய வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லித்தந்ததும் இல்லை. இக்கட்டுரை எழுத அதுவே காரணம்.

கண்ணுக்குத் தெரியாத நச்சு

அவ்வீட்டில் நேர்ந்தது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவின் வேலை. விறகு போதிய காற்றின்றி எரியும்போது இது உண்டாகின்றது. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரிச்சலும் இல்லை. நாம் மூச்சிழுக்கும்போது இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருள் பிராண வாயுவைப் பற்றிக்கொண்டு உடலெங்கும் சுமந்து செல்கின்றது. அதே சிவப்புப் பொருள், கார்பன் மோனாக்சைடைப் பிராண வாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே காற்றில் இந்த வாயு சிறிதளவு கலந்திருந்தாலும், நேரம் செல்லச் செல்ல உடல் பிராண வாயுவின்றித் தவிக்கின்றது. தலைவலி, மயக்கம், குமட்டல், கால் சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். ஒரே அறையில் இருப்பவர் பலருக்கும் ஒருங்கே வருவதும், வெளிக்காற்றுக்கு வந்தால் சற்றே தணிவதும் இதன் அடையாளம். தூக்கத்தில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகள்கூடத் தெரியாமற் போகலாம்.

இது திடீரென வரும் ஆபத்து. மெல்ல மெல்ல வருவது இன்னொன்று. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கின்றது. அடுப்புப் புகையில் வளரும் சிறு குழந்தைகளுக்கு நுரையீரல் அழற்சி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகின்றது என்றும் அது கூறுகின்றது. அடுப்பருகே நெடுநேரம் நிற்பவர் பெண்கள். அவர்தம் இடுப்பில் இருப்பது குழந்தை. ஆகவே இந்தக் குழாய் அவர்களுக்காகவே இருக்கின்றது என்று கொள்ளலாம்.

புகைக்கூடம் கற்பிக்கும் பாடம்

குழாய்க்குள் கரி எப்படிப் படிகின்றது என்பதை இரப்பர்த் தோட்டத்தாருக்கு விளக்குவது எளிது. பால் உறைந்து, உருளையில் அழுத்தப்பட்ட வெள்ளைத் தகடுகளைப் புகைக்கூடத்தில் மூங்கிற் கழிகளில் தொங்கவிடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மூத்தவர்களில் சிலர் அங்கே வேலையும் செய்திருப்பீர்கள். நாலைந்து நாளில் அத்தகடு தேன் நிறமாகிப் பின்னர்ப் பழுப்பாகின்றது. பூஞ்சணம் அதில் எளிதில் பிடிப்பதில்லை. காரணம், விறகுப் புகையிலுள்ள பிசின் போன்ற பொருள்கள் தகட்டின்மேல் படிந்துவிடுவதே. தகட்டுக்கு அது காப்பு. அதே புகைதான் நமது குழாயின் உட்புறத்திலும் படிகின்றது. வேறுபாடு என்னவென்றால், தகட்டை நாலைந்து நாளில் எடுத்துவிடுகின்றோம், குழாயை எடுப்பதில்லை.

இன்னும் ஒரு சிறு சோதனை. கொதிக்கும் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். ஆவி குளிர்ந்து நீர்த்துளியாக நிற்கும். அடுப்பிலிருந்து எழும் புகையிலும் நீராவியும் எரியாத பிசினும் கலந்திருக்கின்றன. குழாயின் மேற்பகுதி குளிர்ந்திருந்தால் அவை அங்கே ஒட்டிக்கொள்கின்றன. ஈர விறகை எரித்தாலும், நெருப்பைக் காற்றின்றி அடக்கிப் புகையவிட்டாலும், குழாய் மிக நீண்டு குளிர்ந்திருந்தாலும் படிவு மிகும்.

அப்படிவு மூன்று வகையாக இருக்கக் காணலாம். விரலால் தடவினால் மாவுபோல் உதிர்வது முதல் வகை. இதனை விளக்குமாறு கொண்டே போக்கிவிடலாம். பொருக்குப் பொருக்காக, கருகிய அப்பளம்போல் ஒட்டியிருப்பது இரண்டாம் வகை. இதற்கு விறைப்பான தூரிகை வேண்டும். சாலைத் தாரைப் பூசியதுபோல் பளபளவென்று இறுகிக் கிடப்பது மூன்றாம் வகை. இது தூரிகைக்கு அசையாது. தட்டிப் பெயர்க்க முயன்றால் குழாய்தான் நசுங்கும். அந்நிலையிலுள்ள குழாய்த் துண்டை எடுத்தெறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துவதே அறிவுடைமை. இந்த மூன்றாம் வகை நன்றாக எரியக்கூடியது என்பதை மறக்கலாகாது. அது தீப்பற்றினால் குழாய்க்குள் வெப்பம் 1000 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும்.

எப்போது துப்புரவு செய்வது? படிவின் கனம் ஒரு தீக்குச்சியின் பருமனைத் தாண்டியதும் செய்துவிட வேண்டும். குளிர் நாடுகளில் செங்கல்லால் கட்டிய புகைபோக்கிக்குள் தனியே ஓர் உட்குழாய் வைத்து, அதனை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்துத் துப்புரவு செய்வது வழக்கம். நம்முடையது ஒற்றைத் தகரக் குழாய். எரிப்பதோ பெரும்பாலும் இரப்பர் விறகு. நாள்தோறும் எரிப்பவர்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை செய்வது நன்று என்பது என் கருத்து. எப்போதேனும் எரிப்பவர்கள் பெருநாள் சமையலுக்கு முன் கட்டாயம் செய்ய வேண்டும். பல நாள் ஓய்ந்திருந்த குழாயிலேதான் மைனாவும் குளவியும் குடியேறும்.

தொடங்கும் முன்னர்

முதலில் குழாய் எதனால் ஆனது என்று பாருங்கள். தகரமாயின் அஞ்ச வேண்டியதில்லை. சாம்பல் நிறத்தில், சிமெந்துபோல் சொரசொரப்பாக, கனத்த சுவருடன் இருக்குமாயின் அது கல்நார் கலந்த பழைய குழாயாக இருக்கலாம். அதன்மேல் தூரிகை படக்கூடாது. உராய்ந்தால் பறக்கும் கல்நார்த் தூசு நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின்னர் உயிர்க்கொல்லி நோயாக வெளிப்படும். அத்தகைய குழாயைத் தொடாமல், தோட்ட நிருவாகத்திடம் தெரிவித்து மாற்றித்தரக் கேளுங்கள். தொழிலாளர் குடியிருப்புக்குரிய குறைந்தபட்ச வசதிகளைப் பற்றி 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், குடியிருப்பை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியிடமே வைத்திருக்கின்றது. கேட்பது சலுகை அன்று.

அடுத்தது கூரை. துருப்பிடித்த தகரத்தின்மீதும், பழைய கல்நார்த் தகட்டின்மீதும் ஏறி நின்று வேலை செய்யலாகாது. பார்வைக்கு உறுதியாய்த் தோன்றும் தகடு, கால் வைத்தவுடன் உடைந்து ஆளை உள்ளே தள்ளிவிடும். நாம் கூறப்போகும் முறை முழுவதும் கீழிருந்தே செய்யக்கூடியது. மேல்முனையில் மூடியோ கூடோ அடைத்துக்கொண்டு கீழிருந்து அசையாவிட்டால், தோட்டத்து ஆசாரியைத் தக்க ஏணியுடன் அழையுங்கள்.

“பையன் இலேசானவன், அவனை ஏற்றிவிடலாம்” என்று எண்ணுவோரும் உண்டு. இந்த எண்ணத்திற்கு ஒரு வரலாறு இருக்கின்றது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் புகைபோக்கிகளைத் துப்புரவு செய்ய, ஏழை வீட்டுச் சிறுவர்களையே உள்ளே ஏற்றினர். உடல் சிறிதாக இருந்தால்தான் குறுகிய வழியில் நுழைய முடியும் என்பதால் மிகச் சிறு வயதினரையே தேடிப் பிடித்தனர். சிக்கி மூச்சடைத்து மாண்ட சிறுவர் பலர். தப்பியவர்களுக்கும் பிற்காலத்தில் ஒருவகைத் தோல் புற்றுநோய் வந்தது. அதற்குக் காரணம் உடலில் ஒட்டிய புகைக்கரியே என்று 1775ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் எடுத்துரைத்தார். ஒரு தொழிலால் புற்றுநோய் வருகின்றது என்று முதன்முதலில் சுட்டிக்காட்டிய செய்திகளுள் அதுவும் ஒன்று. எட்டு வயதுக்குக் குறைந்தவரை இவ்வேலைக்கு வைக்கக்கூடாதென்று 1788இல் சட்டம் வந்தது, எவரும் மதிக்கவில்லை. சிறுவருக்குப் பதிலாகப் பயன்படுத்தத்தக்க தூரிகைக் கருவியை 1803இல் சியார்ச் சுமார்ட் என்பவர் செய்தார். 1828இல் சோசப் கிளாசு என்பவர் அதனைச் சீர்படுத்தினார். கருவி இருந்தும், 1875ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை சிறுவர்களை ஏற்றுவது ஓயவில்லை. அந்நாட்டில் இத்தூரிகைகளுக்கு வளையும் கழியாகப் பயன்பட்ட பொருள்களுள் ஒன்று மலாக்காப் பிரம்பு என்பதை அறியும்போது, நமக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கின்றது. அந்தப் பிரம்பையே நாமும் பயன்படுத்தப் போகின்றோம். சிறுவர்களை அல்ல.

கருவிகள்

பெரிய செலவு இல்லை. நமது அடுக்களைக் குழாய்கள் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு அங்குல அகலம் உள்ளவை. இரும்புச் சாமான் கடையில் அந்த அளவுக்கு ஏற்ற வட்டத் தூரிகை கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். மெல்லிய தகரத்திற்கு எஃகுக் கம்பித் தூரிகையை விட விறைப்பான நைலான் தூரிகையே ஏற்றது. கிடைக்காவிடின் தென்னை ஈர்க்கு போதும். ஈர்க்கை ஒரு சாண் நீளத்திற்கு நறுக்கி, பிரம்பின் நுனியைச் சுற்றி எல்லாப் பக்கமும் விரியுமாறு வைத்து, கம்பியால் இரண்டிடத்தில் இறுகக் கட்டுங்கள். விரிந்த அகலம் குழாயின் அகலத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். பிரம்பு வேண்டும் என்று சொல்லக் காரணம், தாழ்ந்த கூரையுள்ள அடுக்களையில் நேரான மூங்கில் திரும்பாது. பிரம்போ வளைந்து கொடுத்துக் குழாய்க்குள் நிமிரும். பிரம்பு இல்லாதார் பிளந்த மூங்கிற் சிம்பைப் பயன்படுத்தலாம். கட்டு நடுவழியில் அவிழ்ந்து தூரிகை மேலேயே தங்கிவிட்டால் பெருந்தொல்லை. ஆகவே இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவற்றோடு பழைய சாக்கு ஒன்று, கயிறு, திருகாணி கழற்றும் கருவி, முகம் பார்க்கும் சிறு கண்ணாடி, கைவிளக்கு, மூடியுள்ள தகரடப்பா ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வாயை மூடும் முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை, தலைக்குத் துண்டு ஆகியன வேண்டும். புகைக்கரி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பும் உறுதிப்படுத்தியிருக்கின்றது. வெறும் துணியைக் கட்டிக்கொள்வது ஒன்றுமில்லாததைவிட மேல் என்னும் அளவே. மருந்துக் கடையில் விற்கும் நல்ல கவசம் சிறந்தது.

செய்யும் முறை

முந்தின நாள் முதற்கொண்டே அடுப்பு மூட்டக்கூடாது. சாம்பலுக்குள் தணல் ஒரு நாள் முழுதும், சிலபோது அதற்கு மேலும், உயிரோடு கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை செய்வதானால் சனிக்கிழமை காலையோடு அடுப்பை அணைத்துவிடுங்கள். உணவுப் பண்டங்கள், குடிநீர், பாத்திரங்கள் எல்லாவற்றையும் அடுக்களையிலிருந்து அகற்றுங்கள். குழந்தைகளை அண்டை வீட்டுக்கு அனுப்புங்கள். கதவு பலகணிகளைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

பிறகு அடுப்பிலிருந்து மேலே செல்லும் முதல் துண்டின் திருகாணிகளை அகற்றி, அத்துண்டை மெல்லக் கழற்றுங்கள். மேலே உள்ள பகுதியை ஒருவர் பிடித்துக்கொள்வது நலம். கம்பியால் கட்டப்படாத குழாய் தலைமேல் விழக்கூடும். கழற்றிய துண்டையும் வளைவுத் துண்டையும் வெளியே எடுத்துச் சென்று, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று துப்புரவு செய்யுங்கள். வளைவுகளிலேதான் கரி மிகுதியாகத் தங்கும். குளித்த நீர் வடிகாலுக்கு வளைவில் அடைப்பு ஏற்படுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூரையை நோக்கி நிற்கும் குழாயின் அடிவாயில் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டுங்கள். சாக்கில் சிறு துளையிட்டு அதன் வழியே பிரம்பை நுழையுங்கள். இப்போது தூரிகை குழாய்க்குள்ளும், விழும் கரி சாக்குக்குள்ளும் இருக்கும். அவசரப்படாமல் இரண்டிரண்டு அடியாக மேலேற்றி, ஒவ்வோர் இடத்திலும் ஏழெட்டு முறை மேலும் கீழும் தேயுங்கள். கடையில் வாங்கிய, ஒன்றோடொன்று திருகிப் பொருத்தும் கழியானால் எப்போதும் வலப்பக்கமாகவே சுழற்ற வேண்டும்; இடப்பக்கம் சுழற்றினால் கழி மேலே கழன்றுவிடும். உச்சி எட்டியது என்பதைக் கையே உணரும். அங்கே மழைமூடி இருப்பின் மெல்லத் தட்டுங்கள், முட்டித் தள்ளாதீர்கள்.

சிறிது நேரம் தூசு அடங்கவிட்டு, சாக்கை மெல்ல அவிழ்த்து எடுங்கள். பின்னர் கண்ணாடியைக் குழாயின் அடியில் சாய்த்துப் பிடித்து உள்ளே பாருங்கள். நேர்க்குழாயாயின் வானத்து ஒளி வட்டமாகத் தெரியும். வட்டம் முழுதாய்த் தெரிந்தால் வழி திறந்துவிட்டது. ஒரு பக்கம் இருண்டு பிறை நிலவாகத் தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கின்றது. குழாய்க்குள் கைவிளக்கை அடித்து, அறையை இருட்டாக்கி வெளிப்புறத்தைப் பாருங்கள். ஊசித்துளையாக ஒளி கசிந்தால் அவ்விடம் துரு அரித்துவிட்டது. விரலால் அழுத்தினால் உட்குழியும் தகரம் இனி உதவாது. ஈயத்தையோ துணியையோ வைத்து அடைத்துக் காலத்தை ஓட்டுவது வேண்டாத வேலை. ஒரு துண்டுக் குழாயின் விலை அதிகமன்று.

திரும்பப் பொருத்தும்போது ஒரு நுட்பம் உண்டு. குழாய்த் துண்டின் ஒரு முனை சுருக்கப்பட்டு ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுங்கிய முனை கீழ்நோக்கி, கீழ்த்துண்டின் உள்ளே நுழைய வேண்டும். மாறாகப் பொருத்தினால், குழாயில் வழியும் கரிநீர் மூட்டு வழியே வெளியே கசிந்து சுவரெல்லாம் கோடிடும். பலர் வீட்டுச் சுவரில் அக்கோட்டைப் பார்த்திருக்கின்றேன். ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று திருகாணிகள் போடுங்கள்.

குழாய்க்கும் பலகைச் சுவருக்கும் இடையே ஒன்றரை அடி இடைவெளி இருக்கின்றதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நாள்தோறும் சூடுபடும் பலகை வறண்டு வறண்டு, பின்னொருநாள் சிறு வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். குழாயின் உச்சி, கூரையைவிட்டு வெளிவரும் இடத்திலிருந்து மூன்றடியேனும் உயர்ந்தும், பத்தடிக்குள் இருக்கும் எந்த முகட்டைவிடவும் இரண்டடி உயர்ந்தும் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் காற்று புகையைக் கீழ்நோக்கித் தள்ளும். எவ்வளவு துப்புரவு செய்தாலும் அந்த வீட்டில் புகை மண்டவே செய்யும்.

அள்ளிய கரியைத் தகரடப்பாவில் இட்டு மூடி, பின்னர் கிணறும் வாய்க்காலும் இல்லாத இடத்தில் குழிதோண்டிப் புதையுங்கள். காய்கறிப் பாத்திக்கு விறகுச் சாம்பலைச் சிறிது தூவலாம். அதில் சாம்பல் சத்து உண்டு. குழாய்க்கரி அதற்கு ஆகாது. வேலை முடிந்ததும் கைகால் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிச் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். அணிந்த உடைகளைக் குழந்தைகளின் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

காய்ந்த இலைச்சருகைக் குவித்துப் பெருந்தீ மூட்டி, “கரி எரிந்து போய்விடும்” என்று குழாயைச் சுடுவார் உண்டு. தீபாவளி வெடியைக் குழாய்க்குள் கொளுத்துவதைத் துணிச்சல் என்று எண்ணுவாரும் உண்டு. இரண்டும் வீட்டைக் கொளுத்தும் வழிகள். அடுப்புப் பற்றவைக்க ஒட்டுப்பாலையோ, பழைய மிதிவண்டி வட்டகையின் துண்டையோ போடும் பழக்கம் நம் தோட்டங்களில் நெடுநாளாக இருக்கின்றது. எளிதில் பற்றும் என்பது மெய்யே. ஆனால் இரப்பர் எரிந்தால் எழும் கரும்புகையைப் பார்த்தவர்களுக்கு அது எங்கே போய்ப் படியும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பை, சாயம் பூசிய பலகை, மருந்தூட்டிய மரம் ஆகியவையும் அடுப்புக்கு ஆகா.

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும் குழாய் தீப்பற்றினால்? உறுமுவது போன்ற ஓசை கேட்கும். குழாய் செக்கச் சிவக்கும். உச்சியில் தீப்பொறி பறக்கும். உடனே வீட்டாரை வெளியேற்றி, 999 எண்ணுக்கு அழைத்துத் தீயணைப்பு, மீட்புப் படைக்குத் தெரிவியுங்கள். இயலுமாயின் அடுப்பிலுள்ள நெருப்பின்மேல் மணலையோ சாம்பலையோ கொட்டி, காற்றுப் புகும் வாயை அடையுங்கள். சிவந்த குழாயில் நீரை ஊற்றலாகாது. நீர் கணத்தில் ஆவியாகிச் சீறும், குழாயும் பிளக்கும். தீ அடங்கிவிட்டதாகத் தோன்றினாலும் கூரை மரங்களுக்கிடையில் நெருப்பு மறைந்திருக்கக் கூடும். ஆதலால் படையினர் வந்து பார்த்துச் சொல்லும்வரை உள்ளே படுக்காதீர்கள்.

விறகைப் பற்றி

குழாயில் படியும் கரியில் பெரும்பங்கு விறகிலுள்ள ஈரத்தின் கணக்கில் எழுத வேண்டியது. மறுநடவுக்காக வீழ்த்தப்பட்ட இரப்பர் மரத்தின் கிளைகள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் அப்போது வெட்டிய மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீரே. அதை எரிப்பவர் முதலில் நீரைத்தான் காய்ச்சுகின்றார். உருண்டையாக வைக்காமல் பிளந்து, தரையில் படாதபடி இரண்டு கட்டைகளின்மேல், இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலம் விறகு உலர்த்துவதற்கு ஏற்றது. அப்போது பால்வெட்டு வேலையும் சற்றுக் குறைவு. மூன்று மாதமேனும் காயவிடுங்கள். காய்ந்த விறகின் வெட்டுமுகம் வெடித்திருக்கும். பட்டை தானே கழலும். இரண்டு துண்டுகளை மோதினால் ‘டங்’ என்று ஒலிக்கும். ஈர விறகு ‘தொப்’ என்னும். வண்டு துளைத்து மாவு கொட்டும் விறகைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டாம். எரிப்பதற்கு அது குறைவற்றதே.

துப்புரவுக்குப்பின் முதன்முறை அடுப்பு மூட்டும்போது, குழாயின் அடியில் ஒரு தாள் நாளிதழைக் கசக்கிக் கொளுத்துங்கள். குளிர்ந்த குழாய் சூடேறி இழுக்கத் தொடங்கும். பிறகு சிறு சுள்ளிகள், அதன்பின் விறகு. வீட்டார் ஒருவர் வெளியே சென்று உச்சியைப் பார்க்கட்டும். முதலில் சற்று வெண்புகை வந்து, கால் மணி நேரத்தில் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மெலிந்துவிட்டால் குழாயும் விறகும் சரியாக இருக்கின்றன. அன்றைய தேதியை அடுக்களை நாட்காட்டியில் குறித்து, மூன்று மாதம் தள்ளி இன்னொரு வட்டமும் போட்டு வையுங்கள்.